முழு மின்சாரமா, ஹைப்ரிடா? சின்ன விமானங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மின்சார ஸ்கூட்டர் தெருவுக்குத் தெரு வந்துவிட்டது, மின்சார விமானம் எப்போது வரும் என்று கேட்பவர்கள் இப்போது அதிகம். கேட்பவர்களில் பாதிப் பேர் முழு மின்சார விமானத்தையும் ஹைப்ரிடையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்தப் பக்கம். ஓடுபாதையில் ஓடி எழும் சின்ன விமானங்கள், அதாவது இரண்டு இருக்கை முதல் முப்பது இருக்கை வரை, இவை பற்றி மட்டும் இங்கே பேசுகிறோம். நின்ற இடத்திலிருந்து செங்குத்தாக எழும் ஏர் டாக்சிகள் வேறு ஜாதி.

இரண்டுக்கும் என்னதான் வித்தியாசம்?

கரண்ட் போனால் வீட்டில் இன்வெர்ட்டர் ஓடும். கல்யாண மண்டபத்தில் பின்பக்கம் டீசல் ஜெனரேட்டர் உறுமும். முழு மின்சார விமானம் என்பது இன்வெர்ட்டர் பேட்டரியை மட்டும் நம்பிப் பந்தி போடுகிற மாதிரி. பேட்டரி, மோட்டார், புரொப்பெல்லர், அவ்வளவுதான்.

ஹைப்ரிடில் எரிபொருள் எஞ்சினும் கூட இருக்கும். அதிலும் இரண்டு வகை. முதல் வகை சீரீஸ் ஹைப்ரிட்: எஞ்சின் புரொப்பெல்லரைத் தொடவே தொடாது, ஜெனரேட்டரைச் சுற்றி மின்சாரம் மட்டும் தரும், மோட்டார்தான் புரொப்பெல்லரைச் சுற்றும். மண்டபத்து ஜெனரேட்டர் இதுதான். இரண்டாவது பேரலல் ஹைப்ரிட்: ஒரே நுகத்தில் இரண்டு மாடு பூட்டியது போல எஞ்சினும் மோட்டாரும் சேர்ந்து இழுக்கும். மேடு ஏறும்போது இரண்டும், சமதரையில் ஒன்று.

பேட்டரி எடைதான் பிரச்சினை என்கிறார்களே, அவ்வளவு மோசமா?

அவ்வளவு மோசம்தான். ஒரு நிஜ விமானத்தை வைத்தே கணக்குப் பார்ப்போம்.

ஸ்லோவேனியாவின் பிபிஸ்ட்ரல் நிறுவனம் செய்யும் வேலிஸ் எலெக்ட்ரோ, 2020 ஜூனில் ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பான ஈயாசாவின் முழு வகைச் சான்றிதழ், அதாவது இந்த மாடல் பறக்கத் தகுதியானது என்ற சான்று, வாங்கியது. உலகத்திலேயே அப்படிச் சான்றிதழ் வாங்கிய முதல் முழு மின்சார விமானம். இரண்டு இருக்கை. பயிற்சிக்கென்றே செய்தது. மூக்கில் ஒன்றும் இருக்கைக்குப் பின்னால் ஒன்றுமாக இரண்டு பேட்டரி. ஒவ்வொன்றும் சுமார் 70 கிலோ. இரண்டும் சேர்ந்து 24.8 கிலோவாட் மணி, அதாவது வீட்டு மின்கட்டணத்தில் வருகிற யூனிட். அடிவரை உறிஞ்சிவிட முடியாது, எனவே நிஜமாகக் கைக்கு வருவது ஏறக்குறைய 20 என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்த 20 கிலோவாட் மணி வேலையைப் பெட்ரோலில் செய்ய எவ்வளவு வேண்டும்? சின்ன பிஸ்டன் எஞ்சின் பெட்ரோலின் சக்தியில் கால் பங்கு, மிஞ்சினால் 30 சதவீதம்தான் புரொப்பெல்லருக்குத் தரும். மீதி சூடாகக் காற்றில் போய்விடும். அப்படி வீணாக்கியும் 8, 9 லிட்டர் போதும். எடை ஆறேழு கிலோ. ஒரு பக்கம் 140 கிலோ பேட்டரி, இன்னொரு பக்கம் கையில் தூக்கிக்கொண்டு போகிற ஒரு கேன். இதே உடற்கட்டில் பெட்ரோல் எஞ்சின் வைத்து அதே நிறுவனம் செய்யும் 'வைரஸ்' என்ற விமானத்தின் டேங்க் 100 லிட்டர் பிடிக்கும்.

இதில் மோட்டாரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வாங்கிய மின்சாரத்தில் 90 சதவீதத்துக்கு மேல் சுழற்சியாகத் திருப்பித் தருகிறது. எஞ்சினைவிட மூன்று மடங்கு சமர்த்து. அப்படியிருந்தும் 20 மடங்கு எடையில் தோற்றுப் போகிறோம் என்றால் பேட்டரி எவ்வளவு பின்னால் நிற்கிறது என்று பாருங்கள்.

பறக்கப் பறக்கப் பெட்ரோல் குறைந்து விமானம் லேசாகும். பேட்டரி?

தீர்ந்த பேட்டரியும் நிறைந்த பேட்டரியும் ஒரே எடை. ஏறும்போது சுமந்த அத்தனையையும் இறங்கும்போதும் சுமக்க வேண்டும். அதனால் சக்கரமும் அதைத் தாங்கும் கால்களும் அந்த முழு எடைக்குத் தக்கபடி கனமாக இருந்தாக வேண்டும்.

ஒரு மணி நேர பேட்டரி என்றால் ஒரு மணி நேரம் பறக்கலாம்தானே?

முடியாது. இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இது என்பது என் எண்ணம். எடையைப் பற்றிப் பேசுகிறவர்கள்கூட இதை விட்டுவிடுகிறார்கள்.

எந்த விமானமும் கடைசிச் சொட்டு வரை திட்டமிட்டுப் பறக்கக் கூடாது. இறங்க வேண்டிய ஓடுபாதையில் வேறொரு விமானம் டயர் வெடித்து நிற்கலாம், மேகம் இறங்கலாம். அதற்காகக் கையிருப்பு வைக்க வேண்டும். அமெரிக்காவில் பகலில், கண்ணால் பார்த்து ஓட்டும் பயணத்துக்கு இது 30 நிமிடம். கருவிகளை நம்பி மேகத்துக்குள் பறப்பதானால் 45 நிமிடம், அதற்கு மேல் மாற்று விமான நிலையத்துக்குப் போகும் எரிபொருளும் தேவைப்படலாம்.

கையிருப்பு நிமிடத்தில் சொல்லப்படுகிறது என்பதைக் கவனியுங்கள். ஐந்து மணி நேரம் பறக்கும் பெட்ரோல் விமானத்துக்கு 30 நிமிடம் பத்தில் ஒரு பங்கு, உறைக்காது. ஒரு மணி நேரம் தாங்கும் பேட்டரிக்கு அது சரிபாதி. சம்பளத்தில் பாதி வாடகைக்கே போகிற குடும்பத்தின் நிலைதான். வேலிஸுக்கு நிறுவனம் சொல்வது 50 நிமிடம் வரை, கையிருப்பு தனி. சின்ன ஏரோட்ரோமைச் சுற்றிக் கண்ணுக்கெட்டும் தூரத்திலேயே பறந்தால் குறைந்த கையிருப்பு போதும் என்று ஐரோப்பிய விதியில் சலுகை உண்டு. மின்சாரப் பயிற்சி விமானம் பிழைத்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆகவே "ரேஞ்ச் 400 கிலோமீட்டர்" என்று ஒரு நிறுவனம் சொன்னால் முதல் கேள்வி இதுதான்: கையிருப்பைக் கழித்துச் சொல்கிறீர்களா, கழிக்காமலா? இரண்டாவது கேள்வி: புது பேட்டரியிலா, தேய்ந்த பேட்டரியிலா?

தேய்ந்த பேட்டரி என்றால்?

பழைய போன் மதியத்துக்குள் 20 சதவீதத்துக்கு வந்துவிடுகிறதே, அதேதான். இத்தாலியின் டெக்னாம் நிறுவனம் பி-வோல்ட் என்ற ஒன்பது பயணி மின்சார விமானத்தை ரோல்ஸ் ராய்ஸோடு சேர்ந்து வடிவமைத்துக்கொண்டிருந்தது. நார்வேயின் விடெரோ விமான நிறுவனம் வாங்கத் தயாராக இருந்தது. 2023 ஜூனில் டெக்னாம் திட்டத்தை நிறுத்தி வைத்தது. அவர்கள் சொன்ன காரணம் ரொம்ப நேர்மையானது: புது பேட்டரியை வைத்துக் கணக்குப் போட்டால் படத்தில் அழகாக இருக்கும், சில வாரம் ஓட்டிய பிறகு அந்தத் தூரம் கிடைக்காது, ஆயுள் முடியப் போகும் பேட்டரியை வைத்துக் கணக்குப் போட்டால் விமானம் வியாபாரத்துக்கு உதவாது. எத்தனையோ நிறுவனங்கள் சத்தமில்லாமல் மூடும்போது, விற்பனைப் பிரிவுக்குப் பிடிக்காத இந்த உண்மையை வெளியே சொன்னதற்கே அவர்களைப் பாராட்டலாம்.

ஸ்வீடனின் ஹார்ட் ஏரோஸ்பேஸ் வேறு வழியில் போனது. 19 இருக்கை, முழு மின்சாரம், 400 கிலோமீட்டர் என்று ஆரம்பித்தார்கள். 2022 செப்டம்பரில் அதை மடித்து வைத்துவிட்டு 30 இருக்கை ஹைப்ரிடுக்கு மாறினார்கள்: பேட்டரியில் மட்டும் 200 கிலோமீட்டர், எஞ்சினும் சேர்ந்தால் 400. கையிருப்புத் தொல்லையை எரிபொருள் டேங்கின் தலையில் கட்டிவிட்டார்கள் என்று சொல்லலாம். அன்றாடப் பயணம் மின்சாரத்தில் நடக்கும். ஆத்திர அவசரத்துக்கு எண்ணெய். என்னைக் கேட்டால் ஹைப்ரிடின் உண்மையான பயன் இதுதான்.

அப்படியென்றால் ஹைப்ரிட்தான் சரி என்று முடித்துவிடலாமா?

அவசரப்படாதீர்கள். ஹைப்ரிட் வாங்கினால் இரண்டு குடித்தனம். எஞ்சின், எண்ணெய், டேங்க், புகைக்குழாய் ஒரு பக்கம். பேட்டரி, மோட்டார், குளிரூட்டும் குழாய், உயர் மின்னழுத்தக் கேபிள் இன்னொரு பக்கம். இரண்டின் எடையையும் தூக்க வேண்டும், இரண்டையும் பராமரிக்க வேண்டும்.

சீரீஸ் வகையில் இன்னொரு நஷ்டம். எஞ்சினின் சுழற்சி மின்சாரமாகி, மறுபடி சுழற்சியாக மாறுவதற்குள் ஒவ்வொரு கட்டத்திலும் கொஞ்சம் கசியும். மொத்தத்தில் பத்துக்கு ஒரு பங்கு போய்விடும். நேராக ஒரு தண்டில் பூட்டியிருந்தால் இது மிச்சம். பிறகு ஏன் செய்கிறார்கள்? இரண்டு காரணம். விமானத்துக்கு முழு சக்தி வேண்டியது எழும்போதும் ஏறும்போதும் மட்டும்தான். சமமாகப் பறக்கும்போது அதில் பாதிக்குக் கொஞ்சம் மேல் போதும். எழும்போது பேட்டரி கைகொடுத்தால் எஞ்சினைச் சின்னதாக வைத்து அதற்குப் பிடித்த வேகத்திலேயே ஓடவிடலாம். 2011இல் சீமென்ஸ், டயமண்ட், ஈ.ஏ.டி.எஸ். (இன்றைய ஏர்பஸ்) ஆகிய மூன்று நிறுவனங்களும் ஆஸ்திரியாவில் பறக்கவிட்ட டி.ஏ.36 ஈ-ஸ்டார் இப்படித்தான்: மோட்டார் 70 கிலோவாட், மின்சாரம் தரும் குட்டி எஞ்சின் ('வாங்கல்' எனப்படும் சுழல் வகை) 30 கிலோவாட்.

இரண்டாவது காரணம், மோட்டாரை எங்கு வேண்டுமானாலும் எத்தனை வேண்டுமானாலும் வைக்கலாம். அமெரிக்காவின் எலெக்ட்ரா நிறுவனம் 2023இல் பறக்கவிட்ட கோல்ட்ஃபின்ச் விமானத்தின் இறக்கையில் வரிசையாக எட்டு புரொப்பெல்லர். அவை இறக்கையின் மேல் காற்றை அடித்து ஓட்டுவதால் விமானம் மெதுவாக ஓடும்போதே தூக்கிக்கொள்கிறது. ஒரு கால்பந்து மைதான நீளம்கூட வேண்டாம். எட்டு பெட்ரோல் எஞ்சினை வைத்து இதைச் செய்ய நினைத்தால் மெக்கானிக் வேலையை விட்டு ஓடிவிடுவார்.

பேரலல் வகைக்கு நல்ல உதாரணம் கலிபோர்னியாவின் ஆம்பெயர். முதலில் செஸ்னா 337 ஸ்கைமாஸ்டரை எடுத்தார்கள். அதில் மூக்கில் ஒரு எஞ்சின், வாலுக்கு முன்னால் ஒரு எஞ்சின். ஒன்றைக் கழற்றிவிட்டு மோட்டார் வைத்தார்கள். 2019 ஜூனில் பறந்தது, பிறகு ஹவாயிலும் ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுப் பக்கமும் பறந்து காட்டியது. அடுத்து செஸ்னா கேரவனை மாற்றி 2022 நவம்பரில் இக்கோ கேரவன் என்று பறக்கவிட்டார்கள். எரிபொருள் 50 முதல் 70 சதவீதம் மிச்சம் என்கிறார்கள். இங்கே ஒரு அடிக்குறிப்பு போட வேண்டும்: பழைய கேரவனில் இருந்தது டர்பைன் எஞ்சின், புதியதில் 12 சிலிண்டர் டீசல். இந்த அளவில் டீசல் எஞ்சின் டர்பைனைவிட இயல்பாகவே குறைவாகக் குடிக்கும். ஆகவே மிச்சத்தின் ஒரு பகுதி டீசலுக்குச் சேர வேண்டியது. மின்சாரமே எல்லாப் பெயரையும் தட்டிக்கொண்டு போகக் கூடாது.

முழு மின்சாரம் எங்கே நிஜமாகவே ஜெயிக்கிறது?

சர்க்யூட் பயிற்சியில். விமானம் ஓட்டக் கற்பவர் முதல் பல வாரம் எங்கும் போவதில்லை. எழுவது, இடப்பக்கம் திரும்பி ஓடுபாதைக்கு இணையாக வருவது, மறுபடி திரும்பி இறங்குவது, சக்கரம் தரையைத் தொட்டதும் மறுபடி எழுவது. சலிக்கச் சலிக்க இதேதான். 45 நிமிடத்தில் மாணவருக்கு மூளை சூடாகிவிடும். பேட்டரி தீருவதும் அப்போதுதான். மாணவர் தேநீர் குடித்து, ஆசிரியரிடம் திட்டு வாங்கி முடிப்பதற்குள் பாதி சார்ஜ் ஏறியிருக்கும்.

வேலிஸின் காக்பிட்டில் உட்கார்ந்தால் முதலில் உறைப்பது என்ன இல்லை என்பதுதான். பெட்ரோலும் காற்றும் கலக்கும் அளவைத் திருத்தும் மிக்சர் நெம்புகோல் இல்லை, கார்புரேட்டரில் பனி உறையாமல் காக்கும் ஹீட் இல்லை, தீப்பொறி தரும் மேக்னெட்டோவின் சோதனை இல்லை, எஞ்சின் சூடாகட்டும் என்று காத்திருப்பதும் இல்லை. சில சுவிட்சுகளைப் போட்டு ஒரே ஒரு பவர் நெம்புகோலைத் தள்ள வேண்டியதுதான். எரிபொருள் முள் இருக்க வேண்டிய இடத்தில் சார்ஜ் எத்தனை சதவீதம், பேட்டரியின் உடல்நிலை எப்படி என்ற எண்கள். எழும்போது அந்தச் சதவீதம் கண் முன்னால் இறங்குவதைப் பார்க்கும் மாணவர், அதிகம் அதட்டாமலே சிக்கனமாக ஏறக் கற்றுக்கொள்வார்.

இரண்டாவது களம், தண்ணீரைத் தாண்டும் குட்டிப் பயணங்கள். கனடாவின் வான்கூவரில் ஹார்பர் ஏர் நிறுவனம் பழைய டி ஹேவிலண்ட் பீவர் கடல்விமானம் ஒன்றில் 750 குதிரைத்திறன் மோட்டாரை வைத்து 2019 டிசம்பர் 10 அன்று ஃப்ரேசர் ஆற்றிலிருந்து பறக்கவிட்டது. நிறுவனத்தைத் தொடங்கிய கிரெக் மெக்டூகலே ஓட்டினார். 2022 ஆகஸ்டில் அதே விமானம் கடலைத் தாண்டி வான்கூவர் தீவு வரை 72 கிலோமீட்டரை 24 நிமிடத்தில் கடந்தது. சென்னையிலிருந்து காஞ்சிபுரம் போகிற தூரம். ஆனால் அந்தத் தீவுக்குப் படகும் காரும் மாறி மாறிப் போனால் அரை நாள் தின்கிற வழி. அந்த மாதிரித் தடத்துக்கு 24 நிமிடம் என்பது சின்ன விஷயமல்ல. 2025 ஜூனில் பீட்டா டெக்னாலஜிஸின் மின்சார விமானம் நான்கு பயணிகளோடு ஈஸ்ட் ஹாம்ப்டனிலிருந்து நியூயார்க்கின் ஜே.எஃப்.கே. விமான நிலையத்தில் போய் இறங்கியது.

ஒன்பது பயணியோடு நீண்ட தூரம் என்று ஆசைப்பட்டவர்கள் பாடு வேறு. எவியேஷன் நிறுவனத்தின் ஆலிஸ் 2022 செப்டம்பர் 27 அன்று வாஷிங்டன் மாநிலத்தின் மோசஸ் லேக்கில் எட்டு நிமிடம் பறந்தது. பார்க்க அத்தனை அழகான விமானம். 2025 தொடக்கத்தில் பெரும்பாலான ஊழியர்களை அனுப்பிவிட்டுத் திட்டத்தை நிறுத்தினார்கள்.

பாதுகாப்பு? மோட்டார் நின்றுபோனால்? பேட்டரி தீப்பிடித்தால்?

நின்றுபோயிருக்கிறது. 2019 ஆகஸ்டில் நார்வேயில் அரசு விமான நிலைய நிறுவனமான அவினோரின் தலைவரே ஓட்டிக்கொண்டு போன இரண்டு இருக்கை மின்சார விமானம், பறக்கும்போதே சக்தி இழந்து அரெண்டால் அருகே ஒரு ஏரியில் இறங்கியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் உள்ளாட்சி, நவீனமயமாக்கல் அமைச்சகத்தின் அரசுச் செயலாளர். இரண்டு பேருக்கும் அடியில்லை. வேலிஸ் சான்றிதழ் வாங்கியது அதற்கு அடுத்த வருஷம்.

இந்த இடத்தில் ஹைப்ரிடுக்கு ஒரு மதிப்பெண் கூடுதலாகக் கொடுக்கலாம். எஞ்சின் நின்றால் பேட்டரி சில நிமிடம் தாங்கும், நல்ல இடமாகப் பார்த்து இறங்கலாம். ஆனால் தீ என்று வந்தால் இரண்டிலும் பேட்டரி உண்டு. ஹைப்ரிடில் பக்கத்திலேயே எண்ணெயும் உண்டு. லித்தியம் செல் ஒன்று சூடேறிக் கட்டுக்கடங்காமல் போனால் அடுத்த செல்லையும் இழுத்துக்கொண்டு போகும். அதனால் சான்றிதழ் தருபவர்கள் பார்ப்பது ஒரு செல் எரிந்தால் மற்றதுக்குப் பரவாமல் இருக்குமா, புகை வெளியே போக வழி இருக்கிறதா என்பதைத்தான்.

யாரும் கேட்காத ஆபத்து ஒன்றும் இருக்கிறது. பெட்ரோல் எஞ்சின் ஓடினால் புரொப்பெல்லர் சுற்றும், சத்தம் வரும், ஆட்கள் ஒதுங்கி நிற்பார்கள். மின்சார விமானத்தில் எல்லா சுவிட்சும் போட்டுத் தயாராக இருக்கும்போதும் புரொப்பெல்லர் அசையாமல் நிற்கும். முழங்கை பட்டு நெம்புகோல் நகர்ந்தால் போச்சு. பயிற்சிப் பள்ளிகளில் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்.

சத்தமே வராதாமே?

வரும். புரொப்பெல்லர் காற்றை வெட்டும் சத்தத்தை யாராலும் நிறுத்த முடியாது. எஞ்சின் உறுமல் மட்டும் இல்லை. ஏரோட்ரோம் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு அதுவே பெரிய நிம்மதி. ஹைப்ரிடில் எழும்போதுதான் எஞ்சினும் முழு மூச்சாக ஓடும் என்பதால் இந்த நிம்மதி பாதிதான்.

செலவு எதில் குறைவு?

மின்சாரக் கட்டணம் பெட்ரோலைவிடக் குறைவு என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். பேட்டரியை ஓர் எரிபொருள் என்றே நினைத்துக் கணக்குப் போடுங்கள்: மாற்றும் விலையை, அது தாங்கும் பறக்கும் மணிகளால் வகுத்து மணிக்கு இவ்வளவு என்று எழுதி வைக்க வேண்டும். மோட்டாரில் தேய்கிற பாகம் கைவிரல் விட்டு எண்ணிவிடலாம், எண்ணெய் மாற்ற வேண்டாம், சிலிண்டர் திறக்க வேண்டாம். அங்கே மிச்சமாவதைப் பேட்டரி எடுத்துக்கொள்கிறது. ஹைப்ரிடில் பேட்டரி சின்னது, அதனால் அந்தச் செலவு குறைவு. ஆனால் எஞ்சின் மெக்கானிக்கின் சம்பளம் அப்படியே இருக்கும்.

நிலக்கரி மின்சாரத்தில் சார்ஜ் போட்டால் சுற்றுச்சூழலுக்கு என்ன லாபம்?

நல்ல கேள்வி. இந்திய மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்கு சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. மேலே சொன்ன 20 யூனிட்டை ஏற்ற, சார்ஜரில் வீணாவதையும் சேர்த்து 23 யூனிட் ஆகும், 16 கிலோ. அதே வேலைக்கு 9 லிட்டர் பெட்ரோல் எரித்தால் சுமார் 20 கிலோ. பெரிய வித்தியாசம் இல்லை. முக்கால்வாசிக்கு மேல் நீர்மின்சாரம் ஓடும் நார்வேயில் இதே கணக்கைப் போட்டால் மின்சாரத்தின் பக்கம் ஏறக்குறையப் பூஜ்யம். அந்த நாடு இதில் இவ்வளவு ஆர்வம் காட்டுவது சும்மா இல்லை.

ஈயம் என்று ஒன்றும் இருக்கிறது. கார் பெட்ரோலிலிருந்து ஈயத்தை எடுத்துப் பல வருஷமாகிவிட்டது. சின்ன பிஸ்டன் விமானங்கள் குடிக்கும் 100எல்.எல். பெட்ரோலில் இன்னும் இருக்கிறது. அந்த விமானத்துக்குப் பதில் மின்சார விமானம் சுற்றினால் கீழே இருக்கும் குழந்தைகளுக்கு அது நல்லது, மின்சாரம் எங்கிருந்து வந்தாலும்.

இந்தியாவில் என்ன நடக்கிறது?

பெங்களூரு தேசிய விண்வெளி ஆய்வகம் தனது ஹன்ஸா பயிற்சி விமானத்தின் மின்சார வடிவமாக ஈ-ஹன்ஸாவைச் செய்யப் போவதாக 2025இல் மத்திய அரசு அறிவித்தது. சுமார் 2 கோடி ரூபாய்க்குள், இறக்குமதி விமானத்தின் பாதி விலையில் என்று சொல்லியிருக்கிறார்கள். இரண்டு இருக்கைப் பயிற்சி விமானத்திலிருந்து தொடங்குவது சரியான முடிவு. காரணம் மேலே சர்க்யூட் பற்றிச் சொன்னதுதான். சென்னை ஐ.ஐ.டி.யில் முளைத்த ஈபிளேன் நிறுவனம் செய்வது செங்குத்தாக எழும் வகை. எழும்போது அது பேட்டரியைக் குடிக்கிற குடி வேறு, அதைத் தனியாகத்தான் பேச வேண்டும்.

நல்ல பேட்டரி வந்தால் ஹைப்ரிட் காணாமல் போய்விடுமா?

கிலோவுக்கு இரண்டு மடங்கு சக்தி தரும் பேட்டரி வந்தால் பயிற்சி விமானம் ஒன்றரை, இரண்டு மணி நேரம் பறக்கும். கையிருப்பு போகக் கணிசமாக மிஞ்சும். தீவுப் பயணங்களுக்கு அது தாராளம். 500 கிலோமீட்டர் தாண்டுவதற்கு அதுவும் போதாது, அங்கே ஹைப்ரிட் இருக்கும்.

மின்சார விமானத்தில் ஒரு தடவை ஏறிப் பார்க்க வழி உண்டா?

ஐரோப்பா பக்கம் போகிறவர்களுக்கு உண்டு. சுவிட்சர்லாந்து, பிரான்ஸ், பிரிட்டன் போன்ற நாடுகளில் வேலிஸ் வைத்திருக்கும் பறப்புக் கழகங்கள் அறிமுகப் பறப்புக்குப் பணம் வாங்கிக்கொண்டு அழைத்துப் போகின்றன. பதிவு செய்யும்போது எடை கேட்பார்கள். கூச்சப்படாமல் உள்ளதைச் சொல்லிவிடுங்கள். விமானத்தின் மொத்த எடை 600 கிலோவைத் தாண்டக் கூடாது, அதில் ஆட்களுக்கு மிஞ்சுவது 172 கிலோ. ஆசிரியர் கொஞ்சம் வாட்டசாட்டமானவர் என்றால் உங்கள் பையைத் தரையிலேயே வைத்துவிட்டு வரச் சொல்வார்கள்.